தொண்ணூறு பாகை

தொரப்பள்ளி, ஓசூர்
18.6.2024

அன்புள்ள சுஜாவுக்கு,

காவேரி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் சுகத்தையும் தெரிந்துகொள்ள ஆவல். புனேயில் மழை பிடித்துக்கொண்டதா? இங்கே சாயங்காலமானால் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகிறது.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் மணி அடித்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். ஆளுக்கொரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது போய்விடுகிறது. எப்படியும் உனக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். அதோடு கடிதமும் வரட்டும் என்று எழுதுகிறேன். அத்தை எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனேக்கல் பக்கம் கன்னடப் பள்ளியில் படித்தவர் என்பதால் நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. "சுஜாவுக்கா? நான் கேட்டேன்னு எழுது" என்று மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

என் ஆராய்ச்சி மாங்கொட்டையில் நடக்கிறது என்று உனக்குத் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ்த் தொழிற்சாலையில் மலை மலையாகக் கொட்டையைக் கொட்டுகிறார்கள். அதன் பருப்பில் இருக்கும் மாவுச்சத்தை எடுத்து, கண்ணாடித் தாள் போல மெல்லிய படலம் செய்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகப் பயன்படும். ஆனால் என் வழிகாட்டி சென்னகிருஷ்ணன் சார், "படலம் செஞ்சா போதாதும்மா. உள்ள மூலக்கூறுச் சங்கிலி எப்படிச் சுருண்டிருக்குன்னு காட்டணும்" என்கிறார். அதைக் காட்டும் கருவி எங்கள் பக்கம் கிடையாது. உன் நிலையத்தில் இருக்கிறது, நீதான் அதை ஓட்டுகிறாய்.

எனக்கு அவகாசம் அதிகமில்லை. அடுத்த மே மாதத்துக்குள் முனைவர் பட்டம் முடிக்காதவர்களை வகுப்பிலிருந்து எடுத்து ஆய்வக உதவியாளராகப் போடுவோம் என்று கல்லூரியில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினொரு வருஷம் பாடம் நடத்திய இடத்தில் குடுவை கழுவி அடுக்க வேண்டும்.

அத்தை இல்லாவிட்டால் இவ்வளவு தூரம்கூட வந்திருக்க மாட்டேன். தொழிற்சாலைக் காவல்காரர் திம்மப்பன் இரண்டு மூட்டை எடுத்து வைத்திருந்தார். அத்தையும் என்னோடு பஸ்ஸில் வந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார். ஒரு வாரமாகக் கொட்டை உடைத்து அவர் விரலெல்லாம் கறுத்துவிட்டது.

அயோடின் ஏற்றிய ஆறு நீலப் படலங்களைப் பழைய ஆல்பத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

அன்புடன்,
காவேரி

*

புனே
5.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் பார்சலும் சேதமில்லாமல் வந்தன. இங்கே நலம். அவருக்கு மட்டும் சளி. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

அம்மா மாங்கொட்டை உடைக்கிறாள் என்ற வரியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் எம்.எஸ்சி. படித்த காலத்தில் என் துணியில் ரசாயன வாடை அடிக்கிறதென்று தனி வாளியில் ஊறவைக்கச் சொன்னவள். காலம் மாறிவிட்டது. நல்லதுதான்.

கருவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது ஒளியை முறுக்கி அனுப்பும். ஒரு தரம் வலப்பக்கம் முறுக்கிய ஒளி, ஒரு தரம் இடப்பக்கம் முறுக்கிய ஒளி. சுருளாத சங்கிலி இரண்டையும் ஒரே அளவு விழுங்கும். ஒரே பக்கமாகச் சுருண்ட சங்கிலி ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். அந்த வித்தியாசத்தை அளந்தால் சுருள் இருப்பது தெரியும். அண்ணன் தொழிற்சாலை போல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் படுக்கப் போட்டாலும் அதன் உடம்பைச் சுற்றி ஓடும் மரை மாறாது, வலமரை வலமரைதான். சுருளும் அப்படித்தான். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அளவு மாறக் கூடாது.

உங்கள் படலத்தில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. எட்டு. சாதாரண மாவுச்சத்தில் வரும் அளவுதான். இன்னொன்று, படலமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருக்கிறது. தட்டையாக இருந்தால்தான் ஒளி சரியாகப் போகும். தட்டையாக அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சுஜாதா

*

தொரப்பள்ளி
29.7.2024

அன்புள்ள சுஜாவுக்கு,

நலம். நலம்தானே நீயும்? அவர் சளிக்குத் துளசியும் மிளகும் கொதிக்க வைத்துக் கொடு. அத்தையின் முட்டி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முனகுகிறார். ஆனாலும் ஏறாமல் இருப்பதில்லை.

படலத்தைத் தட்டையாக்க நான் பட்ட பாட்டைக் கேள். புத்தகத்துக்குள் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு நடுவில் வைத்தேன், கிழிந்தது. அத்தைதான், "ஏம்மா, ஈரத் துணிய இழுத்து வுடாம போட்டா சுருங்காதா? கொடியில மாட்டி, கீழ கனமா எதையாவது கட்டி வுடு" என்றார். உன் அண்ணன் கொண்டுவந்து போட்டிருந்த நட்டுகளை நூலில் கோத்து, ஒவ்வொரு படலத்தின் அடியிலும் மும்மூன்றாகக் கட்டித் தொங்கவிட்டார். ஈரம் காய்வதற்குள் படலம் ஒரு விரற்கடை நீண்டுகூட விட்டது. காக்கை கொத்தாமல் இருக்க மதியம் வரை குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். இப்போது பார், இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

"டாக்டரம்மா, ஊசி போடுவீங்களா, மாத்திரை மட்டும்தானா?" என்று உன் அண்ணன் கேலி செய்கிறார். அத்தை அவரை விரட்டுகிறார். முந்தாநாள் தபால் ஆபீசுக்கு என்னோடு வந்தவர், பார்சலை எடை போட்ட பெண்ணிடம், "பதனமா வைம்மா. எம் பொண்ணு டாக்டராவப் போறா, அதுக்கான சாமான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சுஜா. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

சீக்கிரம் பார்த்து எழுது.

அன்புடன்,
காவேரி

*

புனே
23.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய அவா.

படலங்கள் கிடைத்தன. தட்டையாக இருக்கின்றன. அளவு நூற்றுப் பத்து வருகிறது. முன்பு வந்ததைப் போலப் பதினான்கு மடங்கு. வரைபடம் இணைத்திருக்கிறேன். வாழ்த்துகள்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சுஜாதா

*

தொரப்பள்ளி
3.9.2024

அன்புள்ள சுஜாவுக்கு,

எல்லாரும் நலம். நீ நலமாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் பெரிய கடிதமாகவும் எழுத வேண்டும். நான்கு வரியில் முடித்துவிட்டாயே!

ஆனால் அந்த நான்கு வரி போதும், நான் துள்ளுவதற்கு. சென்னகிருஷ்ணன் சார் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாங்கொட்டை மாவுல இவ்வளவு இறுக்கமான சுருளா? இது ஒரு அத்தியாயம் இல்லம்மா, இதுதான் உன் ஆராய்ச்சியே" என்றார். மற்ற அத்தியாயங்களைக் குறைத்துவிட்டு இதையே நடுவில் வைத்து எழுதச் சொல்லிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இதைக் கட்டுரையாக அனுப்பப் போகிறோம். உன் பெயரையும் என் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று சாரிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். எத்தனையோ பேருடைய கட்டுரையின் கடைசியில் 'அளந்து கொடுத்தவருக்கு நன்றி' என்ற பொடி எழுத்தில் நீ இருந்தது போதும். பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி நீ. உன் நோட்டைப் பார்த்துத்தான் நான் தேறினேன். எனக்கு மறந்துவிடவில்லை.

அத்தை உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
காவேரி

*

புனே
14.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலம்தான். வேலை அதிகம்.

கட்டுரையில் என் பெயர் வேண்டாம். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும், அது இது என்று நிறைய இருக்கிறது.

தீபாவளிக்கு வர முடியாது. அவருக்கு விடுப்பு இல்லை.

பழைய பெட்டியை ஒதுக்கும்போது ஒரு தாள் கிடைத்தது. எம்.எஸ்சி. முடித்த வருஷம் பெங்களூரில் இரண்டு மாதம் ஆய்வுப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்ததாக வந்த கடிதம். ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரம். "படிச்சது போதும், பஸ்ல போயி பஸ்ல வர பொண்ணை யாரு கட்டுவா?" என்று அம்மா சொன்னாள். அதே அம்மா இப்போது மூட்டை தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தாள் கிடைத்தது, அதனால் எழுதினேன்.

இப்படிக்கு,
சுஜாதா

*

தொரப்பள்ளி
9.11.2024

அன்புள்ள சுஜாவுக்கு,

நாங்கள் நலம். குளிர் வந்துவிட்டது, காலையில் ரோஜாத் தோட்டங்களுக்கு மேல் பனி நிற்கிறது. தீபாவளிக்கு உனக்கென்று எடுத்த புடவை பீரோவில் இருக்கிறது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. அத்தை தேர்ந்தெடுத்தது.

உன் பெயர் வேண்டாம் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் நீ சொன்னபடி விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12-ம் தேதி எல்லாப் பேராசிரியர்கள் முன்னாலும் ஆய்வை விளக்க வேண்டும். அதில் தேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார். உன் கருவி போன்றதில் இருபது வருஷம் வேலை செய்தவராம். அவர் என்னென்ன கேட்பாரோ என்று இப்போதே கேள்விகளை எழுதிப் பார்க்கிறேன். ஆனால் கையில் நூற்றுப் பத்து இருக்கும்போது என்ன பயம்?

பெங்களூர்ப் பயிற்சி பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ எனக்கு அன்று சொல்லவே இல்லை. உன் கடிதத்தில் அத்தையை நீ விசாரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அன்புடன்,
காவேரி

*

தொரப்பள்ளி
4.1.2025

அன்புள்ள சுஜாவுக்கு,

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் அண்ணன் போன் செய்தால் 'வேலையாக இருக்கிறேன்' என்று வைத்துவிடுகிறாயாம்.

சென்னகிருஷ்ணன் சார் நேற்று ஒரு கேள்வி கேட்டார். "படலத்தைத் திருப்பி வைச்சும் அளந்தாங்களா? வர்றவர் அதைத்தான் முதல்ல கேப்பார்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "சுஜாதா அளக்காமல் இருந்திருக்க மாட்டாள் சார். கல்லூரியில் ஒரே குடுவையை மூன்று தரம் எடை போடுகிறவள்" என்றேன். திருப்பி வைத்தால் மரை மாறாது என்று நீதானே எனக்கு எழுதினாய்? அந்தத் தாளையும் அனுப்பிவிடு. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அன்புடன்,
காவேரி

*

புனே
13.1.2025

காவேரி,

இது விரைவுத் தபாலில் வருகிறது. நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

திருப்பி வைத்து அளந்தேன். ஆகஸ்ட் 6-ம் தேதி, பார்சல் பிரித்த அன்றே. நேராக வைத்தபோது நூற்றுப் பத்து. தொண்ணூறு பாகை திருப்பியபோது கழித்தல் தொண்ணூற்று நான்கு. குறியே மாறிவிட்டது. போல்ட்டைத் திருப்பினால் மரை மாறாது. மாறினால் நாம் பார்த்தது மரையே இல்லை.

என்ன நடந்தது என்று உன் கடிதத்திலேயே இருந்தது. நட்டு கட்டித் தொங்கவிட்டதில் ஈரப் படலம் நீண்டது. சங்கிலிகளெல்லாம் சீப்பு வாரிய தலைமயிர் மாதிரி ஒரே திசையில் படிந்துவிட்டன. மாவுச் சுருளை வளையல் அடுக்காக நினைத்துக்கொள். அயோடின் அந்த அடுக்குக்குள் செருகிய குச்சி. குச்சிகள் ஒரே திசையில் படுத்திருந்தால், அந்தத் திசையில் அதிரும் ஒளியை அதிகம் விழுங்கும். கருவி அதைச் சுருள் என்று தப்பாகச் சொல்லிவிடும். நிபுணர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்.

தெரிந்துதான் சொல்லவில்லை. 'எம் பொண்ணு டாக்டராவப் போறா' என்று அம்மா சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த வரி. அந்தப் பெண் நான் இல்லை. என் நோட்டைப் பார்த்து எழுதினவள். என் வீட்டில், என் அம்மாவின் கையால், எனக்குக் கிடைக்காததெல்லாம் உனக்குக் கிடைக்கிறது. உன்னை அண்ணி என்றும் நீங்கள் என்றும் எழுத வேண்டும், அதுவும் அம்மா சொன்னதுதான். அந்த அரங்கத்தில் நீ பதில் தெரியாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் நினைத்தேன். 'சுஜாதா அளக்காமல் இருந்திருக்க மாட்டாள்' என்று நீ எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

வேலையைக் குறையாகச் செய்ய எனக்கு வரவில்லை, காவேரி. சொல்ல மட்டும்தான் மனம் வரவில்லை. பத்துப் பத்துப் பாகையாக நூற்று எண்பது வரை திருப்பி அளந்திருக்கிறேன். பத்தொன்பது தாள். எல்லாவற்றிலும் ஆகஸ்ட் தேதி இருக்கிறது, மாற்றவில்லை. நேராக வந்ததையும் திருப்பி வந்ததையும் கூட்டிப் பாதியாக்கினால் எட்டு வரும். முதல் படலத்தில் வந்த அதே எட்டு. அதுதான் உன் சுருள். சிறியது, ஆனால் உண்மை. குச்சிகள் ஒரே திசையில் படிந்ததும் ஒரு கண்டுபிடிப்புதான். அந்தத் திசையில் படலம் எளிதில் கிழியாது, இழுத்துப் பார். அதை வைத்து எழுதலாம். மீதியுள்ள நான்கு வாரம் போதுமா என்று தெரியவில்லை. போதாவிட்டால் அது என்னால் வந்தது.

சுஜாதா

*

தொரப்பள்ளி
20.2.2025

சுஜாவுக்கு,

உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். உன் கடிதத்தை இரண்டாவது பத்தியோடு மடித்து வைத்துவிட்டேன். நீ 'காவேரி' என்று எழுதியிருந்ததால் மறுநாள் எடுத்து முழுதாகப் படித்தேன்.

12-ம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். நடு அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். நூற்றுப் பத்தையும் காட்டினேன், கழித்தல் தொண்ணூற்று நான்கையும் காட்டினேன். நட்டு கட்டிய கதையைச் சொன்னபோது அரங்கம் சிரித்தது. பெங்களூர்க்காரர் சிரிக்கவில்லை. பத்தொன்பது தாளையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "யார் அளந்தது?" என்றார். "என் நாத்தனார்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவர், "இவ்வளவு பொறுமையா அளந்த தாளை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். ஆகஸ்ட் தேதியை அவர் கவனித்திருப்பார். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தேறவில்லை, தள்ளவும் இல்லை. கனம் கட்டாமல் காயவைத்த படலத்தையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஏப்ரல் 10-க்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தேறினால் மே மாதத்துக்குள் முடிக்கலாம். தேறாவிட்டால் குடுவைதான்.

இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். உன் கடிதம் வந்தால் அத்தை எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார், நான் வாசிக்க வேண்டும். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நீ எழுதாத விசாரிப்பையெல்லாம் நானாகச் சேர்த்து வாசித்தேன். 'அம்மா சாப்பிடுகிறாளா, அம்மா தூங்குகிறாளா' என்று. பெங்களூர்ப் பயிற்சி வரியை விட்டுவிட்டேன். ஆனால் கடைசிக் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன், பழைய வரியையும் சேர்த்து. உன்மேல் இருந்த கோபம்தான். உன் அம்மாவுக்கு நீ யாரென்று தெரியட்டும் என்று நினைத்தேன்.

வாசித்து முடித்ததும் அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொடியில் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கீழே வந்து, "எத்தன தடவ திருப்பினான்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன்.

மறுநாள் காலை குழாயடியில் அவர் பேசுவது சமையலறை வரை கேட்டது. "எம் பொண்ணு சுஜா, ஒரே சாமானப் பத்தொம்போது தடவ திருப்பித் திருப்பிப் பாத்திருக்கா. ராத்திரி பகலா. வேற யாராலயும் ஆவாது." ராத்திரி பகல் என்று நீ எழுதவில்லை, நானும் வாசிக்கவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டார். நீ எனக்குச் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூட்டை தூக்கியது நானும் அவரும். என்னைப் பற்றித் தபால் ஆபீசில் சொன்னார். உன்னைச் சொன்னபோது குரல் வேறாக இருந்தது. ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் சோறாக்குகிற எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். பால் பொங்கி அடுப்பில் வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். எனக்கு என்ன வந்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் நீ இருந்த இடத்தில்தான் நானும் நின்றேன்.

அதனால் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் இல்லை. வேறு ஆளிடம் அளக்கக் கொடுக்கலாம் என்று சார் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பன்னிரண்டு படலம் அனுப்பியிருக்கிறேன். ஆறு கனம் கட்டிக் காய்ந்தது, ஆறு சும்மா காய்ந்தது. எது எந்தப் பக்கம் தொங்கியது என்று அத்தை ஓரத்தில் குங்குமத்தால் கோடு போட்டிருக்கிறார். கோடு மேலே வரும்படி வை. பிறகு திருப்பி வை. இரண்டையும் எழுது.

காவேரி